திங்கட்கிழமைச் சிரிப்பு

பிப்ரவரி 3, திங்கள்

துவைத்த துணி பாதி கொடியில், பாதி வாளியில். இரண்டு மணிக்குப் போன் அடித்துவிட்டது. ஈரக் கையோடு ஓடினேன். என் பேத்தி மிளகு. ஆள் சிறிசு, காரம் பெரிசு. அதனால் அந்தப் பேர். வைத்தது நான்தான்.

எங்கள் மார்மன் சபையின் ஊழியத்துக்காகக் கடல் தாண்டிப் போயிருக்கிறாள். மொத்தம் பதினெட்டு மாதம், இது நாலாவது. கிளம்பும்போது ஒரே மாதிரி இரண்டு நோட்டு வாங்கினாள். "நீ ஒண்ணு எழுது பாட்டி, நான் ஒண்ணு எழுதறேன். வந்ததும் மாத்திப் படிக்கலாம்." அஞ்சாம் வகுப்போடு நின்றவள் கையில் பேனா வந்தது அப்படித்தான்.

திங்கட்கிழமை மட்டும்தான் அவளுக்கு ஓய்வு. துணி துவைப்பது, சாமான் வாங்குவது, வீட்டோடு பேசுவது எல்லாம் அன்றைக்குத்தான். துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்துதான் பேசுவாள். அவள் தலைக்குப் பின்னால் வட்டக் கண்ணாடிக்குள் பாவாடைகள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்றைக்குப் புதுச் சேதி. துணையை மாற்றியிருக்கிறார்கள். ஊழியக்காரப் பெண்கள் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். ஒருத்தி கண்ணுக்கு இன்னொருத்தி மறையக் கூடாது. "குளியலறை ஒண்ணுதான் பாட்டி தனி" என்றாள். புதியவள் வேறு தேசத்துப் பெண். என்ன உயரம்! போனுக்குள் தலை அடங்கவில்லை.

"யாருடி இந்த நெட்டை?" என்றேன்.

மிளகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவளுக்குத் தமிழ் தெரியாது. நீ தைரியமாப் பேசு."

பிப்ரவரி 4, செவ்வாய்

தையற்காரரிடம் மிளகின் படத்தைக் காட்டினேன். நெஞ்சில் கறுப்பு வில்லை, அதில் 'சகோதரி' என்று போட்டு எங்கள் குடும்பப் பேர். "எத்தனை தடவைம்மா காட்டுவீங்க, எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றார். ஆகட்டுமே. இருபது வயதில் யார் வீட்டுப் பிள்ளை இப்படிப் போகிறது?

திரும்பி வந்து படிக்கட்டு அடியில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். மேலே கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன். மாடியில் இருப்பது அக்கா. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. ஒரே வீடு, ஒரே படிக்கட்டு, ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. நாங்கள் ஞானஸ்நானம் எடுத்த அன்று எல்லார் முன்னாலும் "தண்ணியில முக்கி எடுத்தா புத்தி வந்துடுமா?" என்று கேட்டாள். மறக்கிற பேச்சா அது?

பிப்ரவரி 17, திங்கள்

இன்று முழுக்க நெட்டை புராணம். காலை ஆறரைக்கு மணி அடித்தவுடன் கட்டிலில் உட்கார்ந்தபடியே பாட ஆரம்பிக்கிறாளாம். எட்டு மணிக்கு அந்த ஊர்ப் பாஷையில் வேதம் படிக்கும்போது தப்பாக உச்சரித்தால் உடனே திருத்துகிறாளாம். அதுகூடப் பரவாயில்லை, வீடு வீடாகக் கதவைத் தட்டி உள்ளே போய் ஆண்டவரைப் பற்றிப் பேசும்போது அந்த வீட்டுக்காரர்கள் முன்னாலேயே திருத்துகிறாளாம். "அவ ஒரு அடி வச்சா நான் மூணு அடி ஓடணும் பாட்டி. ஊழியத்துக்கு வந்தேனா, ஓட்டப்பந்தயத்துக்கு வந்தேனா?"

"ஒட்டகத்துக்குப் பின்னாடி ஆட்டுக்குட்டி போற மாதிரி இருக்குமே" என்றேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

நெட்டை பின்னால் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சிரித்தபோது அவளும் சிரித்தாள். மிளகின் சட்டையையும் அவள்தான் மடித்தாள். பார்த்தேன்.

பிப்ரவரி 26, புதன்

சாயங்காலம் மாடியில் அக்கா காபி போட்டாள். வாசம் படி இறங்கி வந்து என் மூக்கைப் பிடித்து ஆட்டியது. சபையில் சேர்ந்ததிலிருந்து காபி, டீ தொட்டதில்லை. ஆண்டவரே, நாக்கை விட வைத்தீர். மூக்கையும் கொஞ்சம் கவனியும்.

மார்ச் 17, திங்கள்

ஆறு வாரத்துக்கு ஒரு முறைதான் துணை மாறும். மிளகு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஊழியத் தலைவர் நேற்றுப் போன் செய்து, இன்னும் ஆறு வாரம் இதே ஜோடிதான் என்று சொல்லிவிட்டாராம்.

அழுதாள். நாலு நாளாக மழையாம், கதவு திறக்கிறவர்கள் இல்லையாம், ஷூ அடியில் ஓட்டையாம். அதெல்லாம் தாங்குகிறாள். "ராத்திரி பகல் ஒரே அறையில, எனக்கு மூச்சு முட்டுது பாட்டி. நான் வீட்டுக்கு வந்துடறேன்."

முந்தானையால் போன் கண்ணாடியைத் துடைத்தேன்.

"நான் பாதியில வந்தா உனக்கு வெக்கமா இருக்குமா?"

தையற்காரர், ரொட்டிக் கடைக்காரர், காது பார்த்த டாக்டர், மாடிக்காரி. சொல்லாத ஆள் யார்? எல்லா முகமும் வரிசையாக வந்து போயின. அதற்குப் பிறகுதான் "இல்லடி தங்கம்" என்றேன். நடுவில் ஒரு நொடி. அந்த நொடியை அவள் பார்த்துவிட்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

மகனிடம் சொன்னேன். "வரணும்னா வரட்டும்மா. நான் டிக்கெட் போடறேன். இருன்னும் சொல்லாத, வான்னும் சொல்லாத. அவ முடிவு பண்ணட்டும்" என்றான். பெற்றவன் அவன், பேசாமல் இருக்கிறான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது.

ஜெபத்தில் உட்கார்ந்தால், அவள் அங்கேயே இருக்கட்டும் என்றுதான் வருகிறது. அவளுக்காகக் கேட்கிறேனா, எனக்காகவா?

மார்ச் 24, திங்கள்

போன் வந்ததும் மிளகின் முகம் வேறு மாதிரி இருந்தது. பின்னால் பாவாடைகள் சுற்றின. நெட்டை எப்போதும் போல் மடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் துணைகள் இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டுமாம். மற்றவளிடம் கண்ட நல்லதைச் சொல்ல வேண்டும். பிறகு தன்னிடம் திருத்த வேண்டியதைச் சொல்ல வேண்டும். மற்றவள் குற்றத்தை எடுக்கவே கூடாது. மிளகு இத்தனை நாள் "பாத்திரம் சீக்கிரம் கழுவறேன்" என்று எதையாவது சொல்லி ஒப்பேற்றியிருக்கிறாள்.

இந்த வெள்ளிக்கிழமை நெட்டை மெதுவாக ஒன்று கேட்டாளாம். "திங்கட்கிழமை நீயும் உன் பாட்டியும் பேசும்போது அடிக்கடி ஒரு வார்த்தை வருது. நெட்டை. அது வந்த உடனே ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க. அப்படின்னா என்ன?"

போனைக் கிட்டே இழுத்தேன்.

"நீ என்ன சொன்ன?"

"உண்மையைச் சொல்லிட்டேன் பாட்டி. ஒட்டகம் வரைக்கும்."

நெட்டை குனிந்து ஷூவைக் கையில் எடுத்தாளாம். துடைத்தாளாம். துடைத்ததையே திரும்பத் துடைத்தாளாம். அப்புறம் சொன்னாளாம். "இந்தச் சபையில சேர்ந்ததுல இருந்து எங்க வீட்ல யாரும் எனக்குப் போன் பண்றதில்ல. உன் பாட்டி சிரிக்கிறதைக் கேக்கத்தான் நான் திங்கட்கிழமைக்குக் காத்திருப்பேன்."

"போனை அவ கையில குடு" என்றேன்.

"பாட்டி, அவளுக்குத் தமிழ்…"

"குடுடி."

முகம் முழுக்க வந்தது. சின்னக் குழந்தை முகம். அத்தனை உயரத்துக்கு மேலே இப்படி ஒரு முகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "அந்தப் பேரு நான் வச்சதும்மா. அவ மேல தப்பில்ல. மன்னிச்சுக்கோ" என்றேன். மிளகு பக்கத்தில் நின்று மாற்றிச் சொன்னாள். அந்தப் பெண் ஏதோ கேட்டாள். மிளகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "நீ எவ்ளோ உயரம்னு கேக்கறா பாட்டி."

"நாலு அடி பத்து அங்குலம்."

அந்தப் பெண் மிளகின் காதில் கேட்டு ஒரு வார்த்தை தெரிந்துகொண்டாள். போனைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "குட்-டை."

வேண்டும் எனக்கு.

வைக்கும் முன் மிளகிடம் கேட்டேன், வருகிறாயா என்று. "தெரியல பாட்டி. வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்."

மார்ச் 25, செவ்வாய்

பிப்ரவரி 4-ஆம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். அதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் எழுதியிருக்கிறேன். அக்கா சொன்னதை எழுதினேன். அதற்கு முன்னால் நான் சொன்னதை எழுதவில்லை.

அன்றைக்கு மிளகுக்குப் பதினோரு வயது. அக்காவுக்குக் குழந்தை இல்லை. மிளகைத் தூக்கி வளர்த்ததில் பாதி அவள். ஞானஸ்நானத்துக்குக் கிளம்பும்போது கையில் துண்டோடு படி இறங்கி வந்தாள். "குழந்தைக்குச் சளி கட்டியிருக்கு. ஒரு வாரம் பொறுத்துச் செய்யுங்களேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் – சபைக்காரர்கள் எல்லாரும் நிற்கிறார்களே என்ற மிதப்பில் – "பெத்தவங்க நாங்க இருக்கோம். பிள்ளையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அதற்கப்புறம்தான் அவள் தண்ணீர்ப் பேச்சுப் பேசினாள். துண்டை அங்கேயே போட்டுவிட்டு மேலே போனாள். போனவள்தான்.

மிளகையும் அதற்குப் பிறகு மாடிக்கு விடவில்லை. அது யார் செய்தது? நான்தான்.

இந்த நோட்டை மிளகு படிப்பாள். இந்தத் தாளைக் கிழித்துவிடலாமா? கிழித்தால் பின்பக்கத்தில் இருக்கிற மார்ச் 24-உம் சேர்ந்து போகும். இருக்கட்டும்.

மார்ச் 26, புதன்

ஆறு படி ஏறினேன். இறங்கிவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

அங்கே அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்காரும் நாள். சாயங்காலம் எல்லாப் படியும் ஏறினேன். கதவு திறந்துதான் இருந்தது. அடுப்பில் காபி.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா? எனக்குக் கண்ணு மங்கல்."

அவளுக்குத் தெரியும். என் செருமலே அவளுக்குத் தெரியும்.

"கீழ்வீட்டுக்காரி."

"ஓ. பேத்தி பெருமையை எனக்குக் கேக்கணும்னே படிக்கட்டுல நின்னு பேசுவாளே, அவளா?"

"அவதான்."

மனப்பாடம் செய்து போனதெல்லாம் மறந்துவிட்டது. "அன்னைக்கு நான் சொன்னது தப்புக்கா. உன் தப்பைப் பேச வரல. நான் சொன்னது தப்பு."

அக்கா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். காபி பொங்கி வழிந்தது. அணைக்கவில்லை. நான் போய் அணைத்தேன். அப்போதுதான் கேட்டாள்.

"அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்துதா?"

"வந்துச்சு. மூணு நாள்."

"தெரியும். இருமல் மேல வரைக்கும் கேட்டுச்சு."

என்னைத் திரும்பிப் பார்த்து, "மூச்சு வாங்குது பாரு, உக்காரு" என்றாள். வழிந்த காபியைத் துடைத்தாள். "உங்க சபையில பால் குடிக்கலாமா?"

"குடிக்கலாம்."

"அதையாவது விட்டு வச்சாங்களே."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. டம்ளரை என் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்தாள். பாலில் சர்க்கரை இல்லை. டாக்டர் எனக்குச் சர்க்கரையை நிறுத்தி இரண்டு வருஷம்தான் ஆகிறது. யார் சொல்லி அவளுக்குத் தெரிந்தது?

மார்ச் 31, திங்கள்

இரண்டு மணிக்குப் போன். வெள்ளிக்கிழமை நெட்டை சொன்னாளாம், இனி மெதுவாக நடக்கிறேன் என்று. மிளகு, தனக்குப் பாட்டு வராததால்தான் காலையில் எரிச்சல் வந்தது என்று ஒத்துக்கொண்டாளாம். மழை விட்டிருக்கிறதாம். புதன்கிழமை ஒரு வயதான அம்மா வீட்டுத் தோட்டத்தில் சருகு கூட்டப் போகிறார்களாம். புது ஷூ வாங்கியிருக்கிறாள், கனமான அடி, ஒரு வருஷம் உழைக்கும் என்று தூக்கிக் காட்டினாள். டிக்கெட் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

"குட்டை!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம்.

மிளகு சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று போனுக்குக் கிட்டே வந்தாள். "பாட்டி, உனக்குப் பின்னாடி யாரு?"

என் கட்டிலில் உட்கார்ந்து, கொடியிலிருந்து எடுத்த என் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள் அக்கா. எதுவும் காதில் விழாத மாதிரி.

"பெரிய பாட்டி" என்றேன்.

அந்தப் பக்கம் துணி மெஷின் மட்டும் ஓடியது.

"எவ்வளவு நேரம் நீயே பேசுவ? இப்படிக் குடு" என்றாள் அக்கா.

கொடுத்தேன்.