ஆட்டுக்குச் சிரித்தாய், சரி

பாப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி எதிர்வீட்டில். மூளைப் பயிற்சிக்குத் தனியாகவே கிளம்பிவிட்டேன், திட்டாதே.

காய்ச்சல் விட்டதிலிருந்து என் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறதல்லவா? அதற்காகத்தான் அன்றன்று நடந்ததை உன்னிடம் சொல்லிப் பழகச் சொன்னார் பயிற்சியாளர்.

நேற்று பஸ்ஸில் ஓர் ஆடு, அடுத்த ஸ்டாப்பில் இறங்குவதாகச் சொல்லி, எழுந்து எனக்கு இடம் கொடுத்தது என்றேன். "போங்கப்பா, உங்க புளுகுக்கு அளவே இல்ல" என்று சிரித்தாய். நியாயம்தான். ஆனால், நம் தெரு எது என்று தெரியாமல் முனையிலேயே நின்றுவிட்டேன் என்றதற்கும் சிரித்தாய். அது நடந்தது, பாப்பா.

இன்றைக்குத் திரும்பி வந்து சொல்வதைச் சிரிக்காமல் கேள். பயமாக இருக்கிறது.

அப்பா

பி.கு.: அடுப்பை அணைத்துவிட்டேன். இது புளுகில்லை. ஆனாலும் படித்ததும் முதலில் போய்ப் பார்த்துவிடு.