மூன்றாவது தடவை கூப்பிட்டது

ஞாயிறு, இரவு

இந்த வயதில் பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்து பெண்டாட்டி ராசாத்தியைப் பயமுறுத்தப் பார்த்தேன். வெட்கம்தான்.

காங்கேயத்திலிருந்து வந்து கடற்கரை டவுனில் இறங்கி, மத்தியானம் சம்பந்தி ஊருக்குக் கரையோரமாக நடந்தோம். ஆள் தெரியாமல் குரல் மட்டும் கேட்டால் எங்கள் பக்கம் மூன்றாம் தடவைதான் பதில் சொல்வோம்; பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது என்பார்கள். அதனால் "அம்மணி" என்று இரண்டு தடவை மட்டும் கூப்பிட்டேன். ராசாத்தி திரும்பவில்லை.

மூன்றாவது தடவை கடல் பக்கமிருந்து கேட்டது. அச்சாக என் குரல்.

"வாரேனுங்க" என்று அவள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். ஓடிப்போய் இழுத்தேன்.

"ஏனுங்க, கூப்பிட்டுப்போட்டு இப்ப எதுக்கு இழுக்கறீங்க?" என்றாள்.

இன்னும் அவளிடம் சொல்லவில்லை. தூங்குகிறாள்.

இழுத்த அவசரத்தில் என் வேட்டியை அலை கொண்டுபோய்விட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்கள்.