தனித்தனிக் கண்ணாடிப் பெட்டிகள்

வுலனின் அப்பாவுக்கு, சலாம். உங்கள் இடுப்புவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

முதலாளி வீட்டார் ஹாங்காங்கிலிருந்து சிங்கப்பூருக்குச் சுற்றுலா வந்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டி வந்தார்கள். நேற்று ஆசிய அருங்காட்சியகம் போனோம். நம் ஜாவா வீடுகளில் மாப்பிள்ளையும் அவனுக்கு இடப்பக்கம் பெண்ணுமாக உட்கார வைப்போமே, அந்த ஜோடி மரப்பொம்மைகள் அங்கே இருந்தன. ஆனால் அவன் ஒரு கண்ணாடிப் பெட்டியில், அவள் எதிர்ச் சுவர்ப் பெட்டியில்!

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காவலுக்கு நின்ற மலாய்க்காரரிடம் போனேன்.

"இவங்களைப் பிரிச்சு வைக்கலாமா அண்ணே? குடும்பத்துக்கே ஆகாதே!"

"நானா பிரிச்சேன்? சரி, உன் புருஷன் எங்கம்மா?"

"ஜாவால."

"அப்ப உன்னை யாரும்மா தனிப் பெட்டியில வச்சது?"

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

நம் மகள் வுலனுக்குக் காய்ச்சல் வந்தால் மறைக்காதீர்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கடலைச் சம்பல் கொஞ்சம் ஹாங்காங்குக்கு அனுப்புங்கள். உங்கள் படம் ஒன்றும் வேண்டும். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எடுங்கள். நடுவில் உட்கார வேண்டாம்; இடப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விடுங்கள்.

குழந்தை அழுகிறது, போகிறேன்.

உங்கள் லஸ்த்ரி