தாய்வழி

சோளிங்கர்
12.08.2025

அன்புத் தங்கச்சி கிறிஸ்டினாவுக்கு,

அக்கா ஹெலன் எழுதுவது. நீயும் வசந்தும் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் உங்கள் இருவர் பெயரையும் சொல்லித்தான் ஜெபத்தை முடிக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் போன் எப்போதும் பிள்ளை கையில்தான் இருக்கிறது. இது உன் கண்ணில் மட்டும் பட வேண்டும்.

இங்கே பத்தாம் வகுப்புக்கு மரபியல் பாடம் ஆரம்பித்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று வீட்டில் கேட்டு ஒரு பட்டியல் எழுதி வரச் சொன்னேன். அம்மாவுக்கு நாக்கைச் சுருட்ட வருமா, அப்பாவுக்குக் கன்னத்தில் குழி விழுமா, காது மடல் ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா என்று. மறுநாள் வகுப்பு மொத்தமும் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து நிறக்குருடு. அம்மாவிடம் மறைந்திருக்கும், அவளை ஒன்றும் செய்யாது, மகனிடம் வெளிப்படும் என்று கரும்பலகையில் வட்டமும் சதுரமும் போட்டுக் காட்டினேன். சைரா என்று ஒரு பெண், அதிகம் வாய் திறக்காதவள், எழுந்து கேட்டாள்.

"அப்ப அது அம்மா தப்பா டீச்சர்?"

"தப்பில்லம்மா. அவங்களுக்கே தெரியாதில்ல" என்றேன். மீதியை அவர்களையே வாசிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், தொடங்கத் தெரியவில்லை. வசந்துக்கு மூச்சு எப்படி இருக்கிறது? பதில் போடு.

உன் அக்கா
ஹெலன்


மாதனூர்
24.08.2025

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் கம்பெனியில். பக்கத்து வீட்டு ஃபிர்தௌஸ் அக்கா வாங்கி வைத்திருந்தார். "இந்தக் காலத்துல யாரும்மா லெட்டர் போடறது?" என்று வசந்துக்கு ஒரே சிரிப்பு.

ஈஸ்டருக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. பாப்பா காலேஜ் சேர்ந்ததை அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உனக்கு ஒரே மகள், எனக்கு ஒரே அக்கா. இதையெல்லாம் சொல்லக்கூடாதா?

வசந்துக்குப் போன மாதம் பதின்மூன்று முடிந்தது. இப்போது கையைத் தலை வரைக்கும் தூக்க முடிவதில்லை, நான்தான் சீவிவிடுகிறேன். படுத்தால் மூச்சு கொஞ்சம் இழுக்கிறது. ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குள் குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஓடுகிறேன். மதியம் ஃபிர்தௌஸ் அக்கா ஊட்டிவிடுகிறார். வசந்தின் அப்பா ராணிப்பேட்டையில் இருப்பதாகக் கேள்வி. வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது.

அவரையும் குறை சொல்ல முடியாது. ஏழாம் மாதம் வரைக்கும் நான் ஷூவுக்குப் பசை ஒட்டுகிற இடத்தில்தானே நின்றேன். "வயித்துல புள்ளய வச்சிக்கினு அந்த நாத்தத்துல நின்ன, அதான் இப்டி ஆச்சி" என்று போகும்போதுகூடச் சொல்லிவிட்டுத்தான் போனார். வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை.

உன் பாடத்தைப் படித்ததும் அந்தோணி அண்ணன் ஞாபகம் வந்தது. அண்ணன் சாகும்போது எனக்குப் பத்து வயது. இளம்பிள்ளைவாதம் என்றுதான் அம்மா சொல்லும். ஆனால் அண்ணன் தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஊன்றி எழும். வசந்தும் ஐந்து வயதில் அப்படித்தான் எழுந்தான். அண்ணனுக்கும் இதுதானா அக்கா? மறைக்காமல் எழுது.

உன் தங்கை
கிறிஸ்டினா


சோளிங்கர்
05.09.2025

கிறிஸ்டி,

ஆமாம். அண்ணனுக்கும் இதே தசைச் சிதைவு நோய்தான். கல்லூரியில் விலங்கியல் படிக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாப்பாவுக்கு மூன்று வயதானபோது, அடுத்த பிள்ளைக்கு முன்னால் தெரிந்துகொள்ளலாம் என்று வேலூரில் இரத்தம் கொடுத்தேன். என்னிடம் அது இருக்கிறது. அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது. உனக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அன்றே எனக்குத் தெரியும்.

அப்போது உன் கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "வெளிய தெரிஞ்சா கல்யாணம் நின்னு போய்டும்டி. உன் வீட்டுக்காரரும் உன்ன அனுப்பிடுவாரு. எம்மேல சத்தியம் பண்ணு" என்றது. பண்ணினேன். அதன் பிறகு நான் பிள்ளை பெறவில்லை. ஏனென்று உன் மாமாவுக்கும் தெரியாது.

செத்துப்போன அம்மாமேல் பழியைப் போட நான் இதை எழுதவில்லை. நீ முழுகாமல் இருப்பதை முதலில் என்னிடம்தான் வந்து சொன்னாய். அன்றே சொல்லியிருந்தால் வயிற்றிலேயே சோதித்துப் பார்த்திருக்கலாம். நான் உன் வாயில் சர்க்கரை போட்டேன்.

வசந்துக்கு ஆறு வயதில் வேலூர் போனோமே, நீ அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றாய். டாக்டர் என்னிடம் கேட்டார், "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?" நான் இல்லை என்றேன். உனக்கும் டெஸ்ட் எடுத்துவிடலாம் என்றார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அம்மா செய்யச் சொன்ன சத்தியத்தில் அது இல்லை. அது நானாகச் செய்தது. உன் பெயர் வெளியே வந்தால் அடுத்து என் பெயரும் வரும் என்ற பயம்.

பசையால் வந்ததில்லை, கிறிஸ்டி. நீ வேலைக்கே போகாமல் வீட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்கும். இது எனக்கு அன்றும் தெரியும்.

ஹெலன்


மாதனூர்
05.10.2025

அக்கா,

உன் கடிதத்தைக் கம்பெனி பஸ்ஸில் வைத்துப் படித்தேன். ஆம்பூர் வந்ததும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லயா?" என்று டிரைவர் வந்து கேட்டார்.

சொல்லியிருந்தால் வசந்த் பிறந்திருக்க மாட்டான் என்று நான் அழ வேண்டுமா? இதை எழுதும்போது அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்து போனில் செஸ் ஆடுகிறான். அவன் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது.

ஏழு வருடமாக வேலை முடிந்து வந்ததும் கையை மோந்து பார்க்கிறேன் அக்கா. இரண்டு தரம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் அவனைத் தொடுவேன். அவர் போனபோது நான் தடுக்கவில்லை. நியாயத்தைத்தானே சொல்கிறார் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அன்று நீயும் இந்த வீட்டில்தான் இருந்தாய். "எல்லாம் கர்த்தர் சித்தம்" என்று என் முதுகைத் தடவினாய்.

வசந்திடம் சொல்லிவிட்டேன். ஆயாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து அவனுக்கு என்று. போனை மடியில் வைத்தான். பிறகு, "அந்தோணி மாமா எத்தினி வருஷம் இருந்தாரு?" என்று கேட்டான். பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. "பதினேழு" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

பாப்பாவுக்குப் பதினெட்டு ஆகிறது. அவளிடம் சொன்னாயா? சொல்லாமல் எனக்கு இனி எழுதாதே.

கிறிஸ்டினா


சோளிங்கர்
09.11.2025

கிறிஸ்டி,

பாப்பா தீபாவளி லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். உன் மாமாவையும் உட்காரவைத்து இருவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சித்தி கேட்டிருக்காட்டி, எங்கிட்ட எப்பம்மா சொல்லியிருப்ப?"

மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இன்றுவரை போனை எடுக்கவில்லை. நீ அழைத்தால் எடுப்பாள். ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறாயா? உன்னிடம் இதைக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கேட்க வேறு ஆள் இல்லை.

ஹெலன்


மாதனூர்
14.12.2025

அக்கா,

பாப்பா இங்கே இருக்கிறாள். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வந்தாள். வருவதற்கு முன்னால் தனியாக வேலூர் போய் இரத்தம் கொடுத்திருக்கிறாள். முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். என்ன வந்தாலும் முதலில் என்னிடம்தான் சொல்வாளாம்.

இன்று நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே இரண்டு பேரும் பேசுவது கேட்டது. "உனக்கும் இருந்தா இன்னாக்கா பண்ணுவ?" என்றான் வசந்த். "தெர்லடா" என்றாள். எட்டிப் பார்த்தேன். அவன் தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இங்கே இருப்பதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் செய்யவில்லை. அம்மாவுக்கு எழுதுவேன் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒருத்திக்குத் தெரியாமல் நான் மறைத்து வைக்க மாட்டேன். அது நீயாக இருந்தாலும்.

நன்றாகச் சாப்பிடுகிறாள். பத்திரமாக இருக்கிறாள். அழைத்துப்போக வராதே. கிறிஸ்துமசுக்கும் வர வேண்டாம்.

கிறிஸ்டினா