உன் பேரைச் சொல்லி அடித்தார்கள், குணா

குணா, என் தம்பியே,

நீ போய் வருஷங்கள் ஓடிவிட்டன. வானகரம் பைபாஸில் உன் பைக்கை லாரி இடித்த இடம் வந்தால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நல்ல சேதியோடுதான் உனக்கு எழுதவேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இது நல்ல சேதி இல்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்?

நாம் ஆரம்பித்த 'கைப்பிடி' இனி இல்லை. கலைத்துவிட்டோம்.

இதைப் படிப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், கோவிச்சுக்காதே. ஆவடியில் ரயிலேறிச் சென்னைக்குள் காலேஜ் போய்வந்தோம். 'ரூட்டு' என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மாணவர் கூட்டம், அதற்கு ஒரு 'தல'. புதுப் பையன்களைப் படியில் தொங்கவிட்டுப் பாடச் சொல்வார்கள். அப்படித் தொங்கிய நம் வகுப்பு இருதயராஜ் கை நழுவி விழுந்தான். உயிர் பிழைத்தது, கால் போய்விட்டது. படிப்பையும் அதோடு விட்டான்.

மறுநாள் ஆவடி ஸ்டேஷனில் எங்களையெல்லாம் நிறுத்தினாய். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்த பெண். என் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத ஒரே உள்ளூர்ப் பையன், சேக்காட்டுக்காரன், நீதான். என்னை "யக்கா" என்பாய்.

"இன்னா மச்சான், நாமளும் கட்டைய எத்துகினு போலாமா?" என்று ஒருத்தன் கேட்டான்.

"வேணாம்," என்றாய். "புச்சா வர்ற பசங்க யாரும் தனியா ஏறக் கூடாது, தனியா எறங்கக் கூடாது. நம்ம ஆளு ஒருத்தன் கூட இருக்கணும். அட்சா வாங்கிக்குவோம். கை ஓங்குனவன் நம்ம ஆளு கெடையாது."

அவ்வளவுதான் நம் சங்கம். பேர் மட்டும் நான் வைத்தேன்.

உதடு கிழிந்து வந்த நாட்களில்கூட நீ திருப்பி அடிக்கவில்லை. படிப்பு முடியும் சமயத்தில் நம் பெட்டியில் புதுப் பையன்கள் நிம்மதியாகப் புத்தகம் விரித்துப் படித்துக்கொண்டு வந்தார்கள். வேறு காலேஜ் பையன்களும் தேடிவந்து நம் பெட்டியில்தான் ஏறினார்கள்.

நீ போன பிறகும் ஜூனியர்கள் விடவில்லை. உன் நினைவு நாளில் ரத்ததானம் செய்தார்கள். அப்புறம் உன் முகம் போட்ட டீ-ஷர்ட் வந்தது. அப்புறம் உன் படத்துக்குக் கிரீடம் வைத்து பேனர். தூரத்திலிருந்து பார்க்க எல்லாம் அன்பு மாதிரிதான் தெரிந்தது.

போன மாசம் அம்பத்தூர் ஸ்டேஷனில் சந்தோஷ் என்கிற வேறு காலேஜ் பையனை நம் ஜூனியர்களே அடித்துப்போட்டார்கள். தெரியாமல் 'கைப்பிடி பெட்டி'யில் ஏறிவிட்டானாம். அடிக்கும்போது "குணா அண்ணன் வாழ்க" என்று கத்தியிருக்கிறார்கள். அவனுக்கு ஒரு காது இனிக் கேட்காது.

சேதி தெரிந்ததும் உன் அம்மா, "என்னை அந்தப் புள்ளகிட்ட இட்டுகினு போ" என்றார். போனோம். நீங்கள் யார் என்று சந்தோஷின் அம்மா கேட்டார். உன் அம்மா மறைக்கவில்லை. "குணாவோட அம்மா" என்றார்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "உங்க புள்ள எங்க கீறான்? இட்டுகினு வாங்க. எம் புள்ள இன்னா பண்ணான்னு அவனக் கேக்கணும்."

நீ உயிரோடு இருப்பதாக நினைத்திருக்கிறார், குணா. எங்கேயோ ஒளிந்துகொண்டு ஆள் அனுப்புகிற ரவுடி என்று.

உன் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் செத்துட்டான்மா," என்றார். "இருந்திருந்தா உம் புள்ளைக்கு உழுந்த அடிய அவன் வாங்கியிருப்பான்."

சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு ஜூனியர்களை வரச்சொன்னோம். இப்போதைய தலைவன் விக்கி தலை குனிந்து நின்றான். "அண்ணன் பேரக் காப்பாத்தத்தாம்மா செஞ்சோம்" என்றான்.

"நீ அவன நேர்ல பாத்துகிறியா நைனா?" என்று கேட்டார் உன் அம்மா.

"இல்லம்மா. போட்டோலதான்."

"அப்ப அந்தப் பேர எங்கிட்டயே குட்த்துடு."

பேனரை அவனே போய் இறக்கினான். அவன்மேலும் இன்னும் சிலர்மேலும் வழக்கு நடக்கிறது. மிச்சப் பேர் திருந்திவிட்டார்கள் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பாதிப் பேர் வேறு ரூட்டில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

நமக்கு ஒரு பேரே இல்லாமல் இருந்திருந்தால்? பேர் இருந்ததால்தானே அதற்கு ஒரு பேனரும், காப்பாற்ற ஒரு கௌரவமும் வந்தன? நீ இருந்தால் சிரித்துக்கொண்டே எதையாவது சொல்லி என்னைத் தேற்றியிருப்பாய். என்ன சொல்லியிருப்பாய்?

சந்தோஷ் காலேஜே வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.

"ட்ரெயின்னாலே பயமா கீதுக்கா."

"நான் கூட வாரேன்."

"எத்தினி நாளைக்கு வருவீங்க?"

வருகிற திங்கட்கிழமை காலை அம்பத்தூரில் அவனும் நானும் ஏறுகிறோம். ஆபீஸில் நேரம் மாற்றிக் கேட்டுவிட்டேன். இனி போதும் என்று அவன் வாயால் சொல்கிறவரைக்கும் அவன் பக்கத்தில் நான் இருப்பேன், குணா. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்கூடப் பிறக்காத யக்கா,
மாரி