மருதமரத்தடிக் காணி

காக்கா,

இன்று காலை முடி வெட்டப் போயிருந்தேன். சலூன்காரர் ஊருக்குப் புதிது. காதுக்குப் பின்னால் மழித்துக்கொண்டு வந்தவர் கத்தியை நிறுத்தி, கழுத்துவரை இறங்கும் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். "என்ன ஐயா, ஷெல் பட்டதா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் என் வயது ஆளின் உடம்பில் தழும்பைக் கண்டால் அப்படித்தான் கேட்பார்கள். "இல்லை, வெளிநாட்டில பேரீச்சங்குலை வெட்டேக்க பட்டது" என்றேன். அரபு நாட்டில், அல் ஐன் ஆஸ்பத்திரியில் சொன்ன அதே பொய். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நாக்கில் தானாக வருகிறது.

நீங்கள் மௌத்தாகி நாற்பது நாள்கூட இன்னும் கழியவில்லை. வெட்டிய கை மண்ணுக்குள் போய்விட்டது, வெட்டு மட்டும் என்னோடு நடமாடுகிறது. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாம் வேலை செய்த அந்தத் தோட்டம் டவுனிலிருந்து வெகு தூரம். மணல்மேடுகளுக்கு நடுவில் ஒரு கம்பி வேலி, ஆழ்கிணறு, பேரீச்சை வரிசைகள், ஒட்டகத்துக்குப் புல். முதலாளியை அர்பாப் என்று கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருவார். வேலைக்கு மூன்று பேர்: நீங்கள், நான், பெஷாவரிலிருந்து வந்து பம்ப் பார்த்த பட்டாணியர், நமக்கு வெறும் பட்டாணி. பட்டாணி பம்ப் கொட்டகையிலேயே படுப்பார். நம் இரண்டு பேருக்கும் ஒரு ரூம்.

நான் பெட்டியோடு வந்து இறங்கியபோது நீங்கள் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தீர்கள்.

"சிலோனா?"

"ஓம்."

"எந்தப் பக்கம்?"

"மட்டக்களப்பு."

உங்கள் முகம் மலர்ந்தது. "அல்லாவே! மட்டக்களப்புல எங்க?"

குளத்தின் பெயரைச் சொன்னேன். மாவுக்குள் கை அப்படியே நின்றது.

"எந்தக் கரை?"

"மேற்குக் கரை."

"நான் கிழக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி பிசையத் தொடங்கினீர்கள். ரொட்டி சுட்டு என் பங்கையும் வைத்தீர்கள்.

நம் இரண்டு பேருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் இதை என் மகளும் வாசிப்பாள், அவளுக்காக எழுதுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தக் குளத்தைச் சுற்றி இருந்ததெல்லாம் முடிக்குரிய காடு. மாவட்டத்துக்குப் பெரிய அதிகாரியான ஏசண்டர் துரை அதைத் துண்டு துண்டாக அளந்து, குடியேற வந்தவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். தமிழருக்கு மேற்குக் கரை, முஸ்லிம்களுக்குக் கிழக்குக் கரை. ஏன் அப்படிப் பிரித்தார் என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. காட்டை வெட்டி, வீடு கட்டி, அங்கேயே இருந்து விதைக்க வேண்டும். முடியாதவனிடமிருந்து துரை பிடுங்கி அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார். யானை மிதித்தும் காய்ச்சல் கண்டும் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள்தான் காணிக்காரர் ஆனார்கள். இரண்டு கரைக்கும் ஒரே மதகு, ஒரே தண்ணீர்.

"வெள்ளைக்காரன் தந்தது காட்டத்தான் தம்பி. காணிய நம்மட ஆக்கள்தான் செஞ்ச" என்று பின்னாளில் நீங்கள் சொல்வீர்கள். அர்பாப் தன் தோட்டத்தைக் காட்டி, இதுவும் வெறும் மணலாக இருந்தபோது அரசாங்கம் தந்ததுதான் என்று பெருமையாகச் சொன்ன அன்று, "இங்க காட்ட வெட்டினது ஆருடா?" என்று என் காதில் கேட்டுச் சிரித்தீர்கள்.

ஆனால் அந்தச் சிரிப்பெல்லாம் பிறகு வந்தது. அதற்கு முன் நடந்ததைச் சொல்லாமல் அதைச் சொல்லக்கூடாது.

நாம் ஊரை விட்டு வந்த அந்த வருஷம், உங்கள் கரையில் அறுத்த நெல்லைச் சூடு அடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பக்கத்திலிருந்து இயக்கத்துப் பொடியன்கள் துவக்கோடு போனார்கள். களத்தில் நின்ற ஆண்களை வைக்கோலில் முழங்காலில் இருக்கச் சொல்லிச் சுட்டார்கள். உங்கள் வாப்பாவும் தம்பியும் அதில் போனார்கள். ஒரு கிழமைக்குள் உங்கள் பக்கத்து ஊர்காவல் படை எங்கள் கரைக்கு வந்தது. உலையில் சோறு கொதிக்கும் நேரம். கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். ஓடியவர்களை வாய்க்காலுக்குள் வைத்து வெட்டினார்கள். நான் குளத்துத் தாமரைக்குள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக் கிடந்தேன். என் அப்பா கூப்பிட்டார். இரண்டாவது தடவை அவர் குரல் பாதியில் நின்றது. பிறகு இரண்டு கரையும் காலியானது. உங்கள் ஆட்கள் பள்ளிக்கூடங்களில் அகதியாக இருந்தார்கள். எங்கள் ஆட்கள் முதலில் திரும்பினார்கள், ஏனென்றால் துவக்கு எங்கள் பக்கம் இருந்தது.

இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒரே ரூமில் இருந்தோம். புல் வெட்டினோம், பேரீச்சைக்குத் தண்ணீர் கட்டினோம், ஒரே சட்டியில் சமைத்தோம். தேவையான சொற்கள் மட்டும்: "உப்பு", "தண்ணி", "யல்லா, அர்பாப் வாறார்."

அப்போதெல்லாம் ஊரிலிருந்து குரலைக் கசெட்டில் பதிந்து அனுப்புவார்கள். லீவில் போய் வந்த ஒருவர் அம்மாவின் கசெட்டைக் கொண்டுவந்து தந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம். நீங்கள் ஜும்மா முடிந்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து, குலை வெட்டும் பல்லரிவாளை அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்துவிட்டு ரேடியோவில் கசெட்டைப் போட்டேன். அம்மா அழுதாள், பெருமூச்சு விட்டாள், ஒவ்வொருவராக விசாரித்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணன் இந்த முற கிழக்குக் கரையிலயும் கொஞ்சம் வெதச்சிரிக்கான் மனே. அந்தப் பெரிய மருதமரத்தடிக் காணி. சும்மாதானே கிடக்கு."

அரத்தின் சத்தம் நின்றது. நான் திரும்புவதற்குள் வெட்டு விழுந்துவிட்டது.

முதலில் வலிக்கவில்லை, சூடாக ஏதோ சட்டைக்குள் இறங்கியது. இரண்டாவது வெட்டைக் கையால் பிடித்தேன், உள்ளங்கை கிழிந்தது. கேத்தலை எடுத்து உங்கள் நெஞ்சில் கொட்டினேன். உங்கள் அலறல் மனிதக் குரல்போல இல்லை. அப்படியும் அரிவாளை விடவில்லை. "அது என்ட வாப்பாட காணிடா! என்ட வாப்பா விழுந்த எடம்டா!" என்று கத்திக்கொண்டு வந்தீர்கள். வாசலைத் தாண்டி மணலில் உருண்டோம். உங்கள் தோலும் என் ரத்தமும் ஒட்டிக்கொண்டு மணல் அப்பியது. பட்டாணி "சோடோ! சோடோ!" என்று விடச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடிவந்து, தண்ணீர்க் குழாய்த் துண்டால் உங்கள் மணிக்கட்டில் அடித்த பிறகுதான் அரிவாள் விழுந்தது.

அர்பாப் வந்து பார்த்தார். "யார் வெட்டினது?" என்று கேட்டார். பொலிசுக்குப் போனால் ஜெயில், பிறகு விசாவை வெட்டி இரண்டு பேரையும் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். எந்த ஊருக்கு? "மரத்திலிருந்து விழுந்தேன், அரிவாள் பட்டது. இவர் என்னைத் தூக்க வந்து கேத்தலைத் தட்டிவிட்டார்" என்றேன். அவர் நம்பவில்லை. பட்டாணியைப் பார்த்தார். பட்டாணி வானத்தைப் பார்த்தார். "கலாஸ், முடிந்தது" என்று சொல்லி இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றினார்.

திரும்பி வந்தும் அதே ரூம். நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் நெஞ்சில் தோல் உரிந்தது, என் கழுத்தில் தையல் இழுத்தது. ஒருநாள் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது, என்னைப் பாராமலே கேட்டீர்கள்:

"ஒங்கட அண்ணன் என்ன நெல்லு வெதச்ச?"

சொன்னேன்.

"மருதடிக்கு வடக்குப் பக்கம் உழுதிட்டானா?"

"தெரியா."

"வாப்பாவையும் தம்பியையும் அங்கதான் தாட்ட. குளிப்பாட்டல்ல, கபன் துணி இல்ல. என்ட சாரத்தக் கிழிச்சி ரெண்டு பேரையும் மூடிப் போட்டு ஓடி வந்திட்டம்."

அன்று பின்னேரம் அம்மாவின் கசெட்டின் மறுபக்கத்தில் நீங்களே பேசினீர்கள். என் அண்ணனை நீங்கள் கண்டதே இல்லை. "தம்பி, நான் மருதடிக் காணிக்காரன்ட மகன்" என்று தொடங்கினீர்கள். காணியைத் திருப்பிக் கேட்கவில்லை. வடக்குப் பக்கத்தில் கலப்பை வைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டீர்கள்.

பதில் வர ஒரு போகம் ஆனது. அண்ணனின் குரல். "அந்த எடத்த முதலே உழுதிட்டன். கலப்பையில ஒரு மண்டை ஓடு வந்திச்சு. ஆர்ட எண்டு எனக்குத் தெரியா. குளக்கட்டுக்குப் பக்கத்துல நல்ல மேடாப் பாத்துத் தாட்டுட்டன். அந்த ஆளுக்குச் சொல்லு, அவங்கட ஆக்கள் வந்தா காணிய விட்டுக் குடுத்திருவன்."

நீங்கள் ரேடியோவைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டீர்கள். பிறகு என்னிடம், "ஒண்டுதானா வந்திச்சு? மத்தது?" என்றீர்கள். நீங்கள் வெளியே போய்ப் பேரீச்சை வரிசைக்குள் நின்று அழுதீர்கள். நான் கதவடியிலேயே நின்றேன். அடுத்த நாள் காலை எனக்கு முன்னால் எழும்பி என் டியூட்டியையும் சேர்த்துச் செய்து வைத்திருந்தீர்கள். அதற்குப் பிறகுதான் நாம் பேசத் தொடங்கினோம். சிரிக்கவும் செய்தோம். உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் உங்களைக் காக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன்.

அண்ணன் சொன்னபடியே செய்தார். சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். உங்கள் உம்மா உங்கள் மச்சானோடு வந்தபோது, எல்லைக்கல்லைக் காட்டி, மேட்டைக் காட்டி, காணியைக் கையில் கொடுத்தார்.

பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை சாமான் வாங்க நீங்கள் டவுனுக்குப் போனீர்கள். ஊர்ச் செய்தியெல்லாம் அங்கே ஒரு மளிகைக் கடை டெலிபோனுக்குத்தான் வரும். திரும்பி வந்தவர் அரிசி மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே என் முன்னால் நின்றீர்கள்.

"தம்பி, அண்ணனச் சுட்டுப் போட்டாங்க."

"ஆரு?"

"ஒங்கட ஆக்கள்தான். மதகடியில வெச்சி."

"ஏன்?"

நீங்கள் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். "என்ட காணியத் தந்ததுக்கு" என்றீர்கள்.

நான் உங்கள் கழுத்தைப் பிடித்தேன். மூட்டை விழுந்து அரிசி மணலில் கொட்டியது. முழு பலத்தோடும் நெரித்தேன். உங்கள் கண்கள் சிவந்து பிதுங்கின. கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின, ஒரு தடவைகூட அவற்றை உயர்த்தவில்லை. பட்டாணி ஓடிவரும் சத்தம் கேட்டது. அவர் வருவதற்குள் நானாகவே விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று தெரியவில்லை. விரல்கள் களைத்துவிட்டன, அவ்வளவுதான்.

அன்று நீங்கள் சொன்னீர்கள்: "அந்தக் காணி இனி ஒங்கட அண்ணன்ட புள்ளைகளுக்கும்தான். ரெண்டு வீட்டுக்கும்."

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு போகமும் பாதி நெல்லை அண்ணியின் வாசலில் இறக்கினீர்கள். அதற்காக உங்கள் கரையில் ஒருமுறை அறுத்து அடுக்கியிருந்த உங்கள் சூட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். எங்கள் கரையில் நெல் ஏற்றிவந்த உங்கள் உழவு மெஷினுக்குக் கல்லெறிந்தார்கள், உங்கள் நெற்றி உடைந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த போகமும் வந்தீர்கள்.

போன கிழமை உங்கள் மூத்த மகன் என்னைத் தேடி வந்தார்.

"மாமா, காணிப் பெர்மிட்டுல ஒரு ஆள்ட பேருதான் போடலாமாம். பிரிச்சிக் குடுக்க ஏலாதாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னும் அப்பிடித்தானாம். வாப்பா ஒண்டும் எழுதி வெக்கல்ல. அந்த வீட்டுக்கு வாப்பா குடுத்தது தர்மமா, பங்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கசெட்டை, அரிவாளை, மண்டையோட்டை, மதகை. நீங்கள் பிள்ளைகளிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. கடைசியில் அவர் கேட்டார்:

"நீங்க வாப்பாட கழுத்த நெரிச்சீங்களா?"

"ஓம் மகன்."

"அதுக்குப் பொறகுதான் அந்த வார்த்தயச் சொன்னாரா?"

"ஓம்."

"அப்ப அது பயத்துல வந்த வார்த்ததானே மாமா?"

அவர் மரியாதையில்லாமல் கேட்கவில்லை, தன் பிள்ளைகளுக்காகக் கேட்டார். நானும் அதே கேள்வியை எத்தனையோ வருஷம் எனக்குள் கேட்டிருக்கிறேன். ஆகவே நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் கையை விட்டதும் நீங்கள் மணலில் உட்கார்ந்து வெகுநேரம் இருமினீர்கள். பட்டாணி என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு நீங்கள் எழும்பிப்போய்க் கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்தீர்கள். முதலில் எனக்குத் தந்தீர்கள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றீர்கள். பிறகு பட்டாணியை என்னை விட்டுவிட்டுப் போகச் சொன்னீர்கள். தனியே என் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தீர்கள். அதற்குப் பிறகுதான் சொன்னீர்கள்.

"யோசிக்கிறன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மழை தொடங்கிவிட்டது. விதைப்புக்கு அண்ணனின் மகனைக் கூட்டிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போகப்போகிறேன். உங்கள் மகன் வந்து எங்களை மறித்தால் திரும்பிவிடுவோம், சண்டை பிடிக்க மாட்டோம். ஆனால் உங்கள் வாயிலிருந்து வந்ததைக் கேட்ட ஆள் இப்போது நான் ஒருவன்தான். திரும்புவதற்கு முன் அதை அந்த வரம்பில் நின்று, அங்கே இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் வருவேன்.