பீடத்தின் முன் ஒரு நெல்மூட்டை

ஜனவரி 18, வியாழன்

காலையில் கடும் பனி. கிணற்றடியிலிருந்து பார்த்தால் கோயில் மணிக்கூண்டு தெரியவில்லை. ஞாயிறு அறுப்பின் பண்டிகை. செய்ய வேண்டியவை: பீடத்துத் துணி துவைத்துக் கஞ்சி போட. பித்தளைக் குத்துவிளக்கு புளி போட்டுத் துலக்க. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அழுந்தினால் எழுவதில்லை, கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளையிடம் சொல்ல. அடுத்த புதன் பெண்கள் சங்கத்தில் பேச ஒரு வேதபாகம் தேட.

அறுப்பின் பண்டிகை என்று பெயர். ஊரில் அறுப்பு இல்லை. பொங்கலுக்கு முன்பே கூலியில் இன்னும் அரைப்படி நெல் கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். மிராசுதார் மாசிலாமணி ஐயா வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார். செவ்வாயன்று வரப்பில் தள்ளுமுள்ளு. அவருடைய காரியக்காரருக்கு நெற்றியில் காயம். மாசிலாமணி புகார் கொடுத்தார். கூலி ஆட்களில் ஏசடியானையும் இன்னும் இருவரையும் போலீஸ் பிடித்துப் போயிற்று. வெளியூர்க்காரர்களும் பயந்து, வந்த லாரியிலேயே திரும்பிவிட்டார்கள். கதிர் அப்படியே நிற்கிறது.

மாசிலாமணி எங்கள் சபையின் மூப்பர். முன் பெஞ்சு. ஏசடியானும் எங்கள் சபைதான். பின்னால் பாய். இரண்டு பேருக்கும் ஞானஸ்நானத் தொட்டி ஒன்று. இதை எழுதும்போது கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

ஜனவரி 20, சனி

துணி காய்ந்தது. கஞ்சி கொஞ்சம் அதிகம், அட்டை மாதிரி நிற்கிறது.

சாயங்காலம் மாசிலாமணி வந்தார். இவர் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார். சபை குருவை இங்கே எல்லோரும் ஐயர் என்பார்கள்; ஐயர் பெண்டாட்டி நான் ஐயரம்மா. நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"ஐயரே, நாளைக்குக் கட்சி விஷயம் எதுவும் வேண்டாம். ஊரே கொதிச்சுக் கிடக்கு."

"வேதத்துல இருக்கறதைத்தான் பேசப் போறேன்."

"அது போதும். அதுக்குத்தானே கோயிலுக்கு வர்றோம்."

இவர் சண்டை என்றாலே ஒதுங்குகிறவர். கல்யாணமான புதிதில் அதைச் சாந்தகுணம் என்று நினைத்தேன். இப்போது அதற்குப் பெயர் எதுவும் வைப்பதில்லை.

அவர் போனபின் எந்த வேதபாகம் என்று கேட்டேன். மலைப்பிரசங்கம் என்றார். எந்த இடம் என்று சொல்லவில்லை. விளக்கு துலக்க மறந்துபோயிற்று.

ஜனவரி 21, ஞாயிறு

வெயில். கூட்டம் அதிகம். பூசணி, வாழைத்தார், கருணைக்கிழங்கு, கால் கட்டிய கோழிகள், ஒரு கூடை கத்தரிக்காய். மாசிலாமணி வீட்டிலிருந்து ஒரு மூட்டை நெல். இரண்டு பேர் தூக்கிவந்து பீடத்தின் முன் வைத்தார்கள். போன பட்டத்து நெல். இந்த வருஷத்து நெல்தான் வயலில் நிற்கிறதே.

இவர் வாசித்தது: காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவனுக்கு, தன் சகோதரனுக்குத் தன்மேல் ஒரு குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் சமாதானம் ஆகிவிட்டு, பிறகு வந்து செலுத்தட்டும் என்கிற இடம். வாசித்தார், அவ்வளவுதான். விளக்கவே இல்லை. அடுத்த வரிக்குப் போகாமல் கொஞ்ச நேரம் நின்றார். பயத்தினால் நின்றாரா, வேண்டுமென்றே நின்றாரா, தெரியாது.

மாசிலாமணி எழுந்தார். அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டார். நடு வழியே பின்னால் நடந்தார். பாயில் ஏசடியான் மனைவி ராக்கேல் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. அவர் அவளைத் தாண்டி வெளியே போனார். சன்னல் வழியே பார்த்தோம். தன் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

பின்னாலிருந்து யாரோ ஒருத்தி: "கோவிச்சுக்கிட்டாருடி."

ஆர்மோனியத்தில் பாட்டு ஆரம்பித்தேன். அந்தக் கட்டை அழுந்தியபடியே இருந்தது.

ஆராதனை முடிந்து காணிக்கை ஏலம். பூசணிகூட நல்ல விலைக்குப் போயிற்று. நெல்மூட்டையை யாரும் கேட்கவில்லை. கோயில்பிள்ளை இவரிடம், "இதை ஏலத்துல விடலாமாங்க?" என்றார். இவர், "அவர் இன்னும் செலுத்தல. வச்சிட்டுப் போயிருக்கார். இருக்கட்டும்" என்றார்.

ஜனவரி 22, திங்கள்

மூட்டை அங்கேயே. கோயில்பிள்ளை அதைச் சுற்றிப் பெருக்கியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. மதியம் கூலி ஆட்களின் தெருப்பக்கம் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு ஆண்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே வேலை மறுத்தவர்களைப் பக்கத்து ஊரிலும் கூப்பிடுவதில்லையாம். ராக்கேல் நண்டு பிடிக்க வாய்க்காலுக்குப் போயிருந்தாள். அவள் மாமியார் சொன்னது: "வந்தாத்தான் அடுப்பு. உக்காருங்கம்மா." உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்டு தினமும் ஜெபிக்கிறோம். எனக்கு அது இதுவரை ஒரு வாக்கியமாக மட்டுமே இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அரிசிப் பானை காலியானதில்லை.

சங்கத்துக்கு வேதபாகம் கிடைத்துவிட்டது. தாவீது பசியோடு ஓடிவந்து, குருக்கள் மட்டும் சாப்பிட வேண்டிய சமுகத்தப்பத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட இடம். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று எனக்கே தெரியாததுபோல் எழுதுகிறேன். தெரியும். மூட்டையைப் பார்த்ததிலிருந்து அதுதான் மனதில்.

ஜனவரி 24, புதன்

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சர்க்கார் இந்திப் பாடத்தை நீக்கிவிட்டதைப் பற்றியே பேச்சு. இந்தி வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. "கைத்தொழில் சொல்லிக் குடுக்கச் சொல்லுவாங்களோ?" என்று என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும்.

மூன்று மணிக்குப் பெண்கள் சங்கம். மாசிலாமணியின் மனைவி அன்னம்மாள் நாற்காலியில். மற்றவர்கள் பாயில். ராக்கேல் வந்திருந்தாள், ஓரமாக. நான் தாவீதின் கதையைச் சொன்னேன். பசி பெரியதா, சட்டம் பெரியதா என்ற கேள்விக்கு ஆண்டவரே பின்னாளில் இந்தக் கதையை எடுத்துக் காட்டியதையும் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன். முடிக்கும்போது அன்னம்மாள் கேட்டாள்:

"அப்பத்தை எடுத்துக் குடுத்த அந்தக் குருக்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

அதை நான் விட்டிருந்தேன். தெரிந்தே.

"சவுல் ராஜா அவரை வெட்டிப்போடச் சொல்லிட்டார். அவர் குடும்பத்தையும்."

அன்னம்மாள் குத்தலாகக் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா? அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. ஜெபித்து முடித்தோம். டீயும் முறுக்கும். ராக்கேல் முறுக்கை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஜனவரி 25, வியாழன்

இவர் காலை பஸ்ஸில் தரங்கம்பாடிக்குக் கூட்டத்துக்குப் போனார். நாளைதான் வருவார். கோயில் சாவி ஆணியில்.

பத்து மணிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கோயில்பிள்ளையை அனுப்பி ராக்கேலையும், பிடிபட்ட மற்ற இருவர் வீட்டுப் பெண்களையும் வரச் சொன்னேன். கதவைத் திறந்து வைத்தேன். மூட்டையின் தைத்த வாயை நானே பிரித்தேன். சணல் நூல் நகத்தில் குத்தியது.

ராக்கேல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஐயரம்மா, இது மூப்பர் வீட்டு நெல்லு."

"ஆமாம்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஐயருக்கு?"

"தெரியாது."

யோசித்தாள். மற்ற இருவரும் அவளைப் பார்த்தபடி நின்றார்கள். நான் வற்புறுத்தவில்லை. என்ன சொல்லி வற்புறுத்துவது?

"நாளைக்கு எங்க ஆளுங்க மேல திருட்டுக் கேசும் சேந்துடக் கூடாதும்மா."

"எடுத்தது நான். எங்க கேட்டாலும் சொல்லுவேன்."

அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தாள். மரக்கால் கொண்டுவரவில்லை, முறத்தால் அள்ளி மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். யாருக்குக் கூட, யாருக்குக் குறைவு என்று பேச்சே எழவில்லை. காலிச் சாக்கை ராக்கேல் உதறி மடித்து என்னிடம் கொடுத்தாள். தரையில் சிந்தியதைக் கோயில்பிள்ளை கூட்டி எடுத்தார். "நான் பாக்கலம்மா" என்றார், பார்த்துக்கொண்டே.

பீடத்துக்கு முன் சற்று நேரம் உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை. சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. வீட்டுக்கு வந்து வற்றல் குழம்பு வைத்தேன். உப்பு போட மறந்திருந்தேன்.

ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றம். மிட்டாய். மேகமூட்டம், மதியம் தூறல். இந்தக் காலத்தில் மழையா என்று எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள்.

இவர் வந்தார். கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமாம்."

மோர் ஊற்றினேன். கை கழுவிவிட்டு வந்து, "நானும் சேர்ந்து செஞ்சதாவே இருக்கட்டும்" என்றார். இருபது வருஷத்தில் இவரை நான் சரியாகக் கவனிக்கவில்லையோ?

ஜனவரி 27, சனி

விடியற்காலையில் நல்ல மழை. ஒன்பது மணிக்கு மாசிலாமணி. குடையை வாசலில் சாய்த்துவிட்டு இவரிடம் பேசாமல் என்னைப் பார்த்தே கேட்டார்.

"நெல்லை எடுத்துக் குடுத்துட்டீங்களாமே."

"ஆமாங்க."

"பரிதாபப்பட்டுக் குடுத்தீங்க, சரி. அது கோயிலுக்குச் சேர்ந்தாச்சா இல்லையான்னு யோசிச்சீங்களா?"

"நீங்க வச்சிட்டுப் போயிட்டீங்க. வீட்டுக்குப் போனதைப் பார்த்தோம்."

"வீட்டுக்குப் போனது வண்டி பூட்டறதுக்கு." அவர் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கே போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். புகாரைத் திரும்ப வாங்கிடலாம்னு. உள்ளே என் மாதிரி நாலு மிராசுதாருங்க உக்காந்திருந்தாங்க, அவங்க ஊர் சமாச்சாரமா. அவங்க முன்னால என்னால முடியல. திரும்பிட்டேன். மறுநாளும் வண்டி பூட்டினேன். கொள்ளிடம் ரோடு வரைக்கும்தான் போச்சு. நான் பாதி வழியில இருந்தேன் ஐயரம்மா. நீங்க காணிக்கையை எடுத்துட்டீங்க."

சபை முழுக்க, நானும் சேர்ந்து, அவர் கோபித்துக்கொண்டு போனார் என்று முடிவு கட்டியிருந்தோம். அந்த மூட்டை ஒரு மனிதனுக்காகக் காத்திருந்திருக்கிறது. எனக்கு அது வெறும் நெல். அந்த வீடுகளில் பசியும் நிஜம்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

கடைசியில் சொன்னேன்: "தப்புன்னா என் மேல இருக்கட்டுங்க. நெல்லு சோறாயிடுச்சு. திருப்ப முடியாது."

"திருப்பச் சொல்லல."

காபி கொடுத்தேன். குடித்தார். போகும்போது இவரிடம், "மழை இப்படியே பேஞ்சா மிச்சமும் தண்ணியில சாஞ்சிடும்" என்றார். அப்போதுதான் அவர் வேட்டியின் கீழ்ப்பக்கம் பார்த்தேன். முழங்கால் வரை சேறு. வயலிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

ஜனவரி 28, ஞாயிறு

அன்னம்மாள் தனியாக வந்தாள். முன் பெஞ்சில் அவள் மட்டும். ராக்கேல் வரவில்லை. பீடத்தின் முன் வெறும் தரை. கண் அங்கேயே போயிற்று.

ஜனவரி 31, புதன்

வெயில் வந்துவிட்டது. துணிகள் காய்ந்தன.

பிடிபட்ட மூன்று பேரும் நேற்றே வெளியே வந்துவிட்டார்களாம். மாசிலாமணி திங்களன்று சீர்காழிக்குப் போய் வக்கீலைப் பார்த்து ராஜி ஆக்கிவிட்டார். கூடுதலாகக் கேட்ட அரைப்படிக்கும் ஒப்புக்கொண்டார்.

ஏன் என்று ஊரில் ஆளுக்கு ஒரு காரணம். இந்தி வாத்தியார்: கட்சிக்காரர்கள் பேசினார்கள். கோயில்பிள்ளை: மழை, வேறென்ன. பால்காரம்மா: அவர் பெண்டாட்டி இரண்டு நாள் சாப்பிடவில்லை. கர்த்தர் மழையையும் வக்கீலையும் அன்னம்மாளையும் உபயோகிப்பார் என்று நம்புவதில் எனக்குச் சிரமமில்லை. என்னை உபயோகித்தாரா, நான் குறுக்கே போனேனா, அதுதான் தெரியவில்லை. தெரியாமலே இருக்கலாம் போலிருக்கிறது.

பிப்ரவரி 2, வெள்ளி

அறுப்பு. காலையிலிருந்து அரிவாள் சத்தமும் பேச்சும் பள்ளிக்கூடம் வரை கேட்கிறது. பிள்ளைகள் இன்னும் குறைவு. கதிர் பொறுக்கப் போய்விட்டார்கள். வருகைப் பதிவில் எல்லோருக்கும் 'உடல்நலமில்லை' என்று எழுதினேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

இராப்போஜன ஆராதனை. வழக்கப்படி முன் பெஞ்சுக்காரர்கள் முதல் பந்தி. பாயில் இருப்பவர்கள் கடைசி. எழுதி வைத்த சட்டமில்லை, அப்படித்தான் நடக்கிறது.

மாசிலாமணி பாதியில் வந்தார். பெஞ்சில் இடமிருந்தும் கதவருகே நின்றுவிட்டார். முதல் பந்திக்கு எழவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. கடைசிப் பந்தியில் பாயிலிருந்து எழுந்தவர்களோடு நடந்து வந்து, இருந்த இடைவெளியில் மண்டியிட்டார். பக்கத்தில் ஏசடியான். அவன் கொஞ்சம் ஒதுங்கினான், இடம் விடுவதற்காக. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. திராட்சரசப் பாத்திரம் ஏசடியானிடம் முதலில் வந்தது. இவர் விளிம்பைத் துடைத்து மாசிலாமணியிடம் நீட்டினார். அவர் குடித்தார்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் மாசிலாமணி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஏசடியான் துண்டைக் கையில் பிடித்தபடி தள்ளி நின்றான்.

"கீழண்டை வயல்ல இன்னும் தண்ணி நிக்குதுங்க. நாளைக்குக் கால் வைக்க முடியாது."

"மடையை வெட்டி விடு."

"வெட்டியாச்சுங்க."

மாசிலாமணி அவனிடம் பேசினால் எந்த நாளும் கடைசியில் வருகிற 'டா' இன்று வரவில்லை. மறந்தாரோ, விட்டாரோ.